விளக்கை வாடகைக்கு எடுப்பதா, சூரியனை நம்புவதா?

கையில் கதை இருக்கிறது. தெரிந்தவர் வீடு கிடைத்திருக்கிறது. நண்பர் கேமரா தருகிறார். பதினெட்டு நாளில் எடுத்து முடிக்க வேண்டும். இப்படி நிற்கும் இயக்குநர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "லைட்டுக்குன்னு தனியா பணம் ஒதுக்கணுமா? இப்ப வர்ற கேமராவுக்கு லைட்டே வேணாம்னு சொல்றாங்களே?"

சொல்பவர்கள் முழுக்கப் பொய் சொல்லவில்லை. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கேமராவின் இரண்டாவது அடிப்படை ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 3200. சோனி எஃப்.எக்ஸ்.3-இல் அது 12,800. ஃபிலிமில் எடுத்தவர்கள் கனவிலும் நினைக்காத எண்கள். ஆனால் வெளிச்சம் போதுமா என்ற கவலையைத்தான் கேமரா தீர்க்கிறது. அந்த வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, முகத்தின் எந்தப் பாதியை இருட்டில் விடுகிறது, மூன்று மணி நேரம் கழித்தும் அங்கேயே நிற்குமா என்பதெல்லாம் நம் தலைவலி.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஒரு காட்சியை வைத்துக்கொண்டு பேசுவோம்.

காலை ஏழு மணி. மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் சமையலறை. மேடைக்கு மேலே கிழக்குப் பார்த்த ஒரே ஜன்னல். அம்மா டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருக்கிறாள். ராத்திரி முழுக்க வீட்டுக்கு வராத மகன் நிலைப்படியில் வந்து நிற்கிறான். ஸ்கிரிப்டில் நான்கு பக்கம் வரும் காட்சி.

நான்கு பக்கம் என்றால் திரையில் சுமார் நான்கு நிமிடம். சிக்கனமாகப் பிரித்தாலும் 12 ஷாட் வரும். சின்னக் குழுவில் ஒத்திகை, ஃபோகஸ், மைக், இரண்டு மூன்று டேக் எல்லாம் சேர்த்து ஒரு ஷாட்டுக்கு அரை மணி நேரம் வையுங்கள். மொத்தம் ஆறு மணி நேரம். வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும். ஆறு மணி நேரத்தில் 90 டிகிரி. அதாவது காலை ஏழு மணிக்கு நடக்கும் காட்சியின் கடைசி ஷாட்டை நீங்கள் பிற்பகல் ஒரு மணிக்கு, உச்சி வெயிலில் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

வெயில் துண்டு ஒன்று சுவரில் விழுகிறது, அதை ஃப்ரேமில் வைக்கலாம் என்று ஆசைப்பட்டால் கணக்கு இன்னும் மோசம். ஜன்னலிலிருந்து 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அந்தத் துண்டு, காலை ஏழிலிருந்து எட்டுக்குள் முக்கால் மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். அம்மாவின் முகத்தில் ஆரம்பித்தது இடுப்பில் முடியும்.

பட்ஜெட் பேச்சில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: ஒரே வேளையில், ஒரே இடத்தில் நடக்கும் காட்சி எத்தனை பக்கம்? விளக்கின் விலைப் பட்டியலை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

நிற்கும் நேரம். ஒரு வெளிச்சம் மாறாமல் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் எடை அதிகம்.

தோல். மாநிறமும் கறுப்புமான நம் முகங்களில் உருவத்தை எடுத்துக் காட்டுவது தோலில் தெரியும் மெல்லிய பளபளப்பு. பெரிய பரப்பிலிருந்து, பக்கவாட்டில் வரும் வெளிச்சம் கன்னத்தில் அகலமான, மிருதுவான பளபளப்பைத் தரும். சின்ன விளக்கை நேராக அடித்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் பொட்டு மாதிரி நிற்கும். வியர்வை இருந்தால் இன்னும் கேவலம். "கறுப்பா இருக்காங்க, இன்னொரு லைட் போடு" என்று முன்னாலிருந்து அடிப்பது நம்மூரில் காலங்காலமாக நடக்கும் தப்பு.

நிறம். விளக்கின் பெட்டியில் சி.ஆர்.ஐ. 95 என்று போட்டிருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது. அந்த எண் முதல் எட்டு வண்ண மாதிரிகளின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது மாதிரி. அது அந்தச் சராசரியில் சேராது. நம் தோலுக்கு உயிர் கொடுப்பதில் அந்தச் சிவப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்த விளக்கில் முகம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். டி.ஐ.-யில், அதாவது பிறகு கணினியில் நிறம் திருத்தும்போது, சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். விளக்கிலேயே இல்லாத நிறத்தை டி.ஐ. எங்கிருந்து கொண்டுவரும்?

கரண்ட். வீட்டில் சின்ன பிளக் 5 அல்லது 6 ஆம்பியர், பெரிய பிளக் 15 அல்லது 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் சின்ன பிளக்கில் சுமார் 1,300 வாட்டும் பெரியதில் 3,500 வாட்டும்தான் எல்லை. பழைய வீட்டு ஒயரிங்கில் அதையும் நம்பக் கூடாது.

சத்தம். சிங்க் சவுண்டில், அதாவது படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்து, எடுப்பவர்களுக்கு வெளிச்சமும் ஒலியும் ஒரே பிரச்சினை. ஃபேனை நிறுத்தியாக வேண்டும், அறை சூடாகும், விளக்கின் குளிர்விப்பு விசிறி ஊளையிடும், ஜெனரேட்டர் உறுமும்.

ஆளும் பணமும். வாடகை என்று எழுதும் தொகையோடு வண்டி, விளக்கோடு வரும் ஆளின் பேட்டா, சாப்பாடு, அடுத்த நாள் திருப்பிக் கொடுக்கும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## "இயற்கை" என்றால் என்ன என்பதைப் பற்றிக் கொஞ்சம்

1956-இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டின் உள்முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட வேண்டியிருந்தது. உண்மையான முற்றத்தில் வானத்திலிருந்து நிழலே இல்லாமல் இறங்கும் வெளிச்சத்தை அங்கே எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார். இன்று நாம் பவுன்ஸ் என்று சாதாரணமாகச் சொல்லும் வேலை. பார்ப்பவருக்கு அது வானம். படப்பிடிப்பில் அது துணியும் விளக்கும்.

ஆகவே இயற்கையான வெளிச்சம் என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவர் நம்ப ஒரு காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜன்னல், அடுப்பு, டி.வி., தெருவிளக்கு, ஏதோ ஒன்று. அந்தக் காரணம் ஃப்ரேமில் இருந்துவிட்டால் வெளியே நிற்பது சூரியனா, எல்.இ.டி.யா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

விளக்கே வேண்டாம் என்பவர்கள் உடனே பாலு மகேந்திராவைத் துணைக்கு அழைப்பார்கள். அவர் இருக்கும் வெளிச்சத்தை நேசித்தவர் என்பது உண்மை. ஆனால் தன் படங்களை அவரே எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, பெரும்பாலும் எடிட்டும் செய்தார். "இந்த வெளிச்சம் போவதற்குள் எந்த ஷாட் கட்டாயம், எதை விட்டுவிடலாம்" என்பதை அவர் யாரோடும் விவாதிக்க வேண்டியதில்லை. உங்கள் படப்பிடிப்பில் இயக்குநர் ஒருவர், கேமராமேன் ஒருவர், இருவரும் மானிட்டர் முன்னால் பத்து நிமிடம் பேசுவீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில் சூரியன் இரண்டரை டிகிரி போயிருக்கும்.

## முதல் வழி: ஜன்னலும் தெர்மகோலும்

கையில் இருப்பது இரண்டு வெள்ளைத் தெர்மகோல் அட்டை, இரண்டு பெரிய கறுப்புத் துணி, ஒரு பழைய வேட்டி, கயிறு, கிளிப். இவ்வளவுதான். நாள் வாடகை என்று எதுவும் இல்லை.

இதில் கிடைக்கும் அழகை மற்ற எந்த வழியும் முழுசாகத் தராது. ஜன்னலிலிருந்து ஓரடி தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அம்மாவை நிறுத்தி, அறையின் மற்ற ஜன்னல்களையும் கதவையும் மூடிவிட்டால் போதும். பாதி முகம் தெரியும், பாதி கரையும். புதிதாக எடுப்பவர்கள் உடனே தெர்மகோலைத் தூக்கிக்கொண்டு இருட்டுப் பாதியை நிரப்ப ஓடுவார்கள். முதலில் கறுப்புத் துணியை எடுங்கள். வெள்ளைச் சுவர் உள்ள சின்ன அறையில் வெளிச்சம் எங்கும் பட்டுத் தெறித்து, முகம் தட்டையாகிவிடும். கேமரா பக்கத்துச் சுவரில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் முகத்துக்கு வடிவம் வரும். இந்த ஒரு காரியத்துக்காகவே நான் எந்த லொகேஷனுக்கும் பத்து மீட்டர் கறுப்புத் துணி இல்லாமல் போவதில்லை.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பியப் பாடங்களைப் படித்துவிட்டு, "வடக்கு ஜன்னல்தான் ஓவியர்களின் ஜன்னல், நேர் வெயில் வராது, நாள் முழுக்க ஒரே வெளிச்சம்" என்று நம்பி வருவார்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை காலையிலும் மாலையிலும் சூரியன் வடக்கே சாய்ந்துதான் உதிக்கும், மறையும். கோடை விடுமுறையில் ஆள் கிடைக்கிறார்கள் என்று மே மாதம் ஷெட்யூல் போட்டால் வடக்கு ஜன்னலிலும் வெயில் உள்ளே வரும். அக்டோபரிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை எடுத்தால்தான் அந்தப் பாடம் இங்கே பொருந்தும்.

மறைந்த செலவு நாட்கள். நம் சமையலறைக் காட்சியை இந்த வழியில் எடுத்தால் நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் நம்பகமான காலை வெளிச்சம். அதில் நான்கு ஷாட் எடுத்தாலே பெரிய விஷயம். மூன்று காலைகள் வேண்டும். மூன்று காலையும் அம்மாவாக நடிப்பவருக்குக் கால்ஷீட், எல்லோருக்கும் சாப்பாடு, வீட்டுக்காரர் முகத்தில் கூடிக்கொண்டே போகும் சலிப்பு. ஒரு குறும்படத்துக்கு நான் இப்படி எடுத்தபோது இரண்டாம் நாள் மேகம், மூன்றாம் நாள் பளிச்சென்று வெயில். எடிட்டில் ஒரே உரையாடலில் மகன் பேசும்போது மழை வரும் போலிருக்கும், அம்மா பதில் சொல்லும்போது துணி காயப்போடலாம் போலிருக்கும்.

இந்த வழி எப்போது சரி? காட்சி ஒன்றரைப் பக்கத்துக்குள் இருந்தால். ஒரே ஷாட்டில் எடுக்கத் துணிந்தால். நடிகர்கள் உங்கள் வீட்டு மனிதர்கள், நாளைக்கும் வருவார்கள் என்றால். வெளிப்புறக் காட்சிகள் நிறைய இருந்தால், காலை ஆறரை முதல் எட்டரை வரையிலும் மாலை நான்கரைக்கு மேலும் எடுத்துக்கொண்டு, நடுப்பகலை வீட்டுக்குள் ஒதுக்கலாம். திண்ணை நிழல், மரத்தடி, தாழ்வாரம் ஆகியவை நடுப்பகலிலும் காப்பாற்றும். மொட்டை மாடி காப்பாற்றாது.

## இரண்டாம் வழி: வீட்டு பல்புகள்

இரவுக் காட்சிகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஃப்ரேமுக்குள்ளேயே இருக்கும் பல்ப் தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்ளும்.

9 வாட் எல்.இ.டி. பல்ப் சுமார் 900 லூமன் தரும். ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தில் ஏறக்குறைய 100 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு). ஐ.எஸ்.ஓ. 800, லென்ஸ் துளை எஃப் 2.8, ஷட்டர் 1/50 நொடி வைத்தால் சரியான வெளிப்பாட்டுக்குச் சுமார் 120 லக்ஸ் போதும். அதாவது நூறு ரூபாய் பல்ப் ஒன்று முகத்துக்குப் போதுமான வெளிச்சம் தருகிறது! ஐ.எஸ்.ஓ. 3200-க்குப் போனால் அடுத்த அறையிலிருந்து கதவு வழியாகக் கசிவதே போதும்.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே மாட்டியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் நீலம் சாய்ந்த 6500 கெல்வின் வெள்ளை பல்பும், கூரைக்குக் கீழே பச்சை கலந்த ட்யூப்லைட்டும்தான் இருக்கும். மேலிருந்து நேராக விழுந்து கண்களைக் குழியாக்கும். முதல் வேலை ட்யூப்லைட்டை அணைப்பது. இரண்டாவது, சுவர் ஹோல்டரில் 2700 அல்லது 3000 கெல்வின் வார்ம் பல்ப் மாட்டுவது. நம் வீடுகளில் பெரும்பாலும் பின் ஹோல்டர். ஆன்லைனில் ஸ்க்ரூ பல்ப் வாங்கிவிட்டுப் படப்பிடிப்பு நாள் காலை முழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய குண்டு பல்ப் கிடைத்தால் இரண்டு எடுத்து வையுங்கள். தோல் நிறத்தில் அதை மிஞ்ச ஆளில்லை.

பல்ப் ஃப்ரேமில் வெள்ளையாக வெடிக்கிறதா? கேமரா பார்க்கும் பக்கத்தில் பட்டர் பேப்பரோ கறுப்பு டேப்போ ஒட்டி, முகத்தைப் பார்க்கும் பக்கத்தைத் திறந்து விடுங்கள். மலிவான டிம்மரில் எல்.இ.டி. பல்பை இறக்கினால் மினுங்க ஆரம்பிக்கும். டிம்மருக்குப் பதில் 9 வாட்டை எடுத்துவிட்டு 5 வாட் மாட்டுவது நிம்மதி.

மினுங்கல்தான் இதன் பெரிய ஆபத்து. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பல்ப் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டரை 180 டிகிரியில் விட்டால் 1/48 நொடி. அதை 172.8 டிகிரிக்கு, அதாவது 1/50-க்கு மாற்றுங்கள். அமெரிக்க யூட்யூப் காணொளி பார்த்து 1/60 வைத்துவிட்டுப் பட்டைகள் ஓடுவதை எடிட்டில் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர். ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

பகல் காட்சிக்கு இது துணை மட்டுமே. நம் காலை ஏழு மணிச் சமையலறையில் பல்பை எரியவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தின் முன்னால் அது மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். சில சமயம் அதுவே அழகு: ராத்திரி முழுக்க அணைக்காத விளக்கு, தூங்காத அம்மா.

## மூன்றாம் வழி: ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய எல்.இ.டி.

ஒரே ஒரு 300 அல்லது 600 வாட் எல்.இ.டி., ஒரு உயரமான ஸ்டாண்ட், ஒரு ஸ்கிம்மர் (வெளிச்சத்தை மென்மையாக்கச் சட்டத்தில் கட்டிய துணி), மணல் மூட்டை. ஏப்யூச்சர், கோடாக்ஸ், நான்லைட் மாதிரி விளக்குகள் இப்போது வடபழனி, சாலிகிராமம் பக்கத்து வாடகைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. வீட்டு பிளக்கிலேயே எரியும். 600 வாட் விளக்கும் 3 ஆம்பியர் சுற்றித்தான் இழுக்கும்.

நான்கு பக்கச் சமையலறைக் காட்சிக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டால் காலை ஏழு மணி, பிற்பகல் ஒரு மணி வரை ஏழு மணியாகவே இருக்கும். ஆனால் வைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரும்பாலோர் விளக்கை ஜன்னல் கம்பியோடு ஒட்டி வைப்பார்கள், வெளிச்சம் அதிகம் வரட்டும் என்று. அங்கேதான் செயற்கை தெரிந்துவிடும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். விளக்கு ஜன்னலிலேயே இருந்தால், ஒரு மீட்டரில் நிற்கும் அம்மாவுக்கும் இரண்டு மீட்டரில் நிற்கும் மகனுக்கும் நடுவே நான்கு மடங்கு வித்தியாசம், அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). அம்மா கையை ஜன்னல் பக்கம் நீட்டினால் கை வெள்ளையாக வெடித்துவிடும். அதே விளக்கை ஜன்னலுக்கு வெளியே நான்கு மீட்டர் தள்ளி வைத்தால் அவர்கள் ஐந்திலும் ஆறிலும் நிற்கிறார்கள். வித்தியாசம் அரை ஸ்டாப்தான். சூரியன் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அறைக்குள் அதன் வெயில் குறைவதே இல்லை. நாம் போலி செய்ய வேண்டியது அந்தத் தூரத்தைத்தான்.

இன்னொரு நுணுக்கம். ஜன்னலில் டிரேசிங் பேப்பரோ மல் துணியோ கட்டினால் அந்தத் துணியே புது விளக்காகிவிடும். குறைவது அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்கும். ஆகவே வெயில் துண்டு வேண்டுமானால் துணி கட்டாதீர்கள். மேகமூட்டமான காலை வேண்டுமானால் கட்டுங்கள். இரண்டையும் ஒரே விளக்கில் கேட்காதீர்கள்.

எல்லை ஒன்று இருக்கிறது. நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். நான்கு மீட்டர் தள்ளி வைத்த 600 வாட் அதோடு மல்லுக்கு நிற்காது. நிஜ வெயில் விழும் ஜன்னலில் இது பயனில்லை. வெயில் நகர்ந்துபோன ஜன்னலில், அல்லது வெளியே கறுப்புத் துணிப் பந்தல் போட்டு வெயிலை மறைத்த ஜன்னலில்தான் இதன் வேலை. நம் கிழக்கு ஜன்னலில் பத்து மணி வரை பந்தல் தேவைப்படும்.

மறைந்த செலவுகள்: முதல் மாடி வீடென்றால் ஜன்னல் உயரத்துக்கு விளக்கைத் தூக்கச் சாரமோ, எதிர் வீட்டு மாடியோ வேண்டும். எதிர் வீட்டு மாடிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் ஆகும். ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வெளியிலேயே நிற்க வேண்டும், காற்றில் ஸ்கிம்மர் பாய்மரமாகிவிடும். மழை தூறினால் பிளாஸ்டிக் ஷீட். அப்புறம் விசிறிச் சத்தம். ஒருமுறை கடையின் இரைச்சலில் காதில் விழாத விசிறியை அப்படியே வாங்கி வந்துவிட்டேன். அறைக்குள் வைத்து எடுத்த உரையாடல் முழுக்க மெல்லிய ரீங்காரம், பாதியை டப்பிங் செய்ய வேண்டியதாயிற்று. கேட்டுப் பார்க்காதது என் தப்பு. அன்றிலிருந்து கடையிலேயே ஓரமாகக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் முழு வேகத்தில் எரியவிட்டுக் கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுகிறேன்.

## நான்காம் வழி: எச்.எம்.ஐ.யும் ஜெனரேட்டரும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 4 கிலோவாட் எச்.எம்.ஐ. (பகல் வெளிச்ச நிறத்தில் எரியும் பெரிய சினிமா விளக்கு) 17 ஆம்பியருக்கு மேல் கேட்கும், வீட்டு பிளக் தாங்காது. ஜெனரேட்டர் வண்டி, டீசல், கேபிள், லைட்மேன்கள், அவர்கள் பேட்டா, தெருவில் நிறுத்த இடம். ஜெனரேட்டரை ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி நிறுத்தாவிட்டால் சிங்க் சவுண்ட் போச்சு. தள்ளி நிறுத்தினால் அவ்வளவு கேபிள். மேற்கு மாம்பலத்துச் சந்தில் அந்த வண்டி திரும்புமா என்பதே முதல் கேள்வி.

ஆனால் பெரிய கூடத்தில் நான்கைந்து ஜன்னல், இருபது பேர், நாள் முழுக்கக் கல்யாணக் காட்சி என்றால் இதற்கு மாற்று இல்லை. இரவில் வயல்வெளியோ தெருவோ அகலமாகத் தெரிய வேண்டுமென்றாலும் அப்படித்தான். படத்தில் அப்படி ஒன்றிரண்டு காட்சி இருந்தால் அவற்றை அடுத்தடுத்து ஒரே நாளில் போட்டு, அந்த ஒரு நாளுக்கு மட்டும் எடுங்கள். பதினெட்டு நாளுக்கும் எடுத்தால் கேட்டரிங்கைக் குறைக்க வேண்டிவரும். சாப்பாட்டில் கைவைத்த படப்பிடிப்பு எதுவும் உருப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

குண்டு பல்ப் மாதிரி இழை சூடாகி எரியும் பழைய டங்ஸ்டன் விளக்குகள் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்பீர்கள். நிறம் அருமை, 3200 கெல்வின், தோலில் தேன் மாதிரி. ஆனால் ஃபேன் நிறுத்திய சின்னச் சமையலறையில் ஒரு கிலோவாட் என்றால் அரை மணியில் மேக்கப் வழியும். ஜன்னல் வெளிச்சத்தோடு சேர்க்க நீல ஜெல் போட்டால் பாதிக்கு மேல் வெளிச்சம் அதிலேயே போய்விடும். கிராமத்தில் வோல்டேஜ் இறங்கினால் விளக்கும் சிவக்கும். இரவு வெளிப்புறத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஜன்னல், தெர்மகோல் | வீட்டு பல்புகள் | ஒரு பெரிய எல்.இ.டி. | எச்.எம்.ஐ., ஜெனரேட்டர் |
|---|---|---|---|---|
| மாறாமல் நிற்கும் நேரம் | ஒன்று, ஒன்றரை மணி | இரவு முழுக்க | நாள் முழுக்க, வெயிலை மறைத்தால் | நாள் முழுக்க |
| தோல் | மிக நன்று | பல்பைப் பொறுத்தது | நன்று | நன்று |
| கரண்ட் | தேவையில்லை | மிகக் குறைவு | வீட்டு பிளக் | ஜெனரேட்டர் |
| கூடுதல் ஆள் | ஒருவர் | யாரும் வேண்டாம் | இருவர் | தனிக் குழு |
| சத்தம் | இல்லை | இல்லை | விசிறி | ஜெனரேட்டர் |
| மறைந்த செலவு | கூடும் நாட்கள் | மினுங்கல், நிறக் கலப்பு | உயரம், காற்று, வண்டி | டீசல், பேட்டா, இடம் |
| பொருந்தும் காட்சி | ஒன்றரைப் பக்கத்துக்குள் பகல் | வீட்டுக்குள் இரவு | நீண்ட பகல் உரையாடல் | பெரிய கூடம், விரிந்த இரவு |

## பட்டியலைப் பிரிக்கும் விதம்

ஸ்கிரிப்டை எடுத்து ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் இரண்டே விஷயம் எழுதுங்கள்: பகலா இரவா, எத்தனை பக்கம். இரவு உள்புறம் எல்லாம் பல்பு. பகல் உள்புறத்தில் ஒன்றரைப் பக்கத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் ஜன்னல். மீதி இருக்கும் நீண்ட பகல் உரையாடல்களை எண்ணுங்கள். சின்னப் படங்களில் அவை ஐந்தாறுதான் இருக்கும், பெரும்பாலும் ஒரே வீட்டில். அவற்றை நான்கு நாளில் அடுக்கி, அந்த நான்கு நாளுக்கு மட்டும் எல்.இ.டி. எடுங்கள். பதினெட்டு நாள் வாடகைக்கும் நான்கு நாள் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு நல்ல சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கிடைப்பார்.

லொகேஷன் பார்க்கப் போகும்போது அறையின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஜன்னல் எந்தத் திசை, அதற்கு வெளியே ஸ்டாண்ட் வைக்க நான்கு மீட்டர் இடம் இருக்கிறதா, மெயின் போர்டு எங்கே, சுவர் என்ன நிறம். வெளிர்பச்சை டிஸ்டெம்பர் அடித்த அறையில் எந்த விளக்கைப் போட்டாலும் முகத்தில் பச்சை ஏறும். ஒரு கோட் அழுக்கு வெள்ளை அடிக்க வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பெயின்ட் செலவு விளக்கு வாடகையை விடக் குறைவு, அவரும் சந்தோஷப்படுவார்.

சரி, அந்தச் சமையலறையை நான் எப்படி எடுப்பேன்? ஆறரைக்கே எல்லோரும் தயார். ஏழு மணிக்கு நிஜ வெயிலில் அகலமான ஷாட் இரண்டு; ஜன்னலும் மேடையும் சேர்ந்து தெரிவது, நீராவியில் வெயில் பாய்வது. இவற்றை விளக்கால் செய்ய முடியாது, அதனால் இவைதான் முதலில். எட்டு மணிக்கு அந்த ஷாட்டின் ஒரு ஃப்ரேமை மானிட்டரில் நிறுத்தி வைத்துவிட்டு, வெளியே பந்தல் இழுத்து, எல்.இ.டி.யை ஏற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறத்தையும் கோணத்தையும் ஒத்துப் பார்ப்பேன். அதற்கு முக்கால் மணி நேரம் போகும். அந்த நேரத்தில் எல்லோரும் டிபன். பிறகு அம்மாவின் குளோசப்புகள் எல்லாம் ஒரே மூச்சில், அடுத்து மகனுடையவை. மகன் நிற்கும் நிலைப்படி ஜன்னலுக்குத் தூரம், அவனை அரை ஸ்டாப் இருட்டிலேயே விட்டுவிடுவேன், தெர்மகோல் தூக்க மாட்டேன். கடைசியாக டம்ளர், ஃபில்டர், கை ஆகியவற்றின் சின்ன ஷாட்கள். அவற்றுக்கு நடிகர்கூட வேண்டாம், கால்ஷீட் முடிந்து அம்மாவை அனுப்பிவிட்டு, யாருடைய கைக்காவது அதே வளையலைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.